புழு முட்டை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். கணவன் இறந்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள். வந்த புதிதில் யாராவது முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டால், அடுத்த வார்த்தை பேசவிடாமல் எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவாள். தற்காப்புக்காக ஆரம்பித்த பேச்சு அப்புறம் நிற்கவே இல்லை.

அண்ணனுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. அவன் அதைத் தொடங்கியபோது சுற்றிலும் காலி மனைகள்தான். இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள், பால்கனிகளில் காயும் துணிகள். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இடம் போதாமல் காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று பிரித்து நடத்தினார்கள். அங்கே சாப்பாட்டோடு கொடுக்கும் முட்டை இந்தப் பண்ணையிலிருந்துதான் போனது. அண்ணன் வண்டியில் முட்டை கொண்டுபோவான். அண்ணி கோழிகளைப் பார்த்துக்கொள்வாள். வாசல் பக்கத்து அறையில் சில்லறை விற்பனை ரேடியோவுடையது. முட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அட்டையில் அடுக்கி, வாங்க வருகிறவர்களோடு கதையடித்துக்கொண்டே விற்பாள். முட்டைக்காக வந்தவர்களைவிடக் கதைக்காக வந்தவர்கள் அதிகம் என்று அண்ணன் கிண்டல் செய்வான்.

அந்த வருஷம் தீவனத்தில் கோளாறு ஆரம்பித்தது. மூட்டையைப் பிரித்தால் வழக்கமாக வீடு முழுக்க அடிக்கும் மீன் வாடை இல்லை. அண்ணி ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தாள். விரல்களுக்கிடையே வெறும் தவிடும் சோள மாவும்தான் உதிர்ந்தன. தீவனக் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மீன்தூள் வரலைம்மா" என்றார் அங்கிருந்தவர். "மில்லையே மூடிட்டாங்க. போட்டெல்லாம் வெறும் வலையோட திரும்புதாம். பொடி மீனைக்கூட விடாம வருஷக்கணக்கா அள்ளினா கடல் என்ன பண்ணும்?"

"சோயா?"

"இருக்கற கொஞ்சத்தையும் பெரிய பண்ணைங்க கப்பல்ல வரும்போதே பேசி எடுத்துக்கறாங்க. உங்களை மாதிரி சின்னப் பண்ணைக்கு நான் எங்கே போவேன்?"

சத்துக் குறைந்த தீவனம் தின்ற கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. இறகைப் பிடுங்கித் தின்றன. முதுகில் தோல் தெரிந்தது, தோலில் ரத்தம் தெரிந்தது, ரத்தத்தைப் பார்த்த மற்றவை சுற்றி வளைத்துக் கொத்தின. அண்ணி கொட்டகைக்குள் ஊதா மருந்தும் பஞ்சுமாகத் திரிந்தாள். ஒன்றுக்குத் தடவி இறக்கிவிட்டால் அடுத்தது காயத்தோடு நின்றது. முட்டை குறைந்தது. வந்த முட்டையிலும் பாதி, ஓடு இல்லாமல் தோல் முட்டையாக, தொட்டால் குழிந்தது.

அரசாங்கக் கால்நடை மருத்துவமனையிலிருந்து வழக்கமாக வரும் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இதுக்கு ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை. பசிதான் வியாதி" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "கோழிக்குத் தீனியா புழு வளர்க்க முடியுமா உங்களால?"

கல்லாவில் உட்கார்ந்திருந்த ரேடியோவுக்கு அது நன்றாகவே காதில் விழுந்தது.

புழு என்றால் அவளுக்கு ஆகாது. கத்தரிக்காயை நறுக்கும்போது ஒன்று நெளிந்தால் மொத்தக் காயையும் தூக்கி எறிந்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பவள். ஆனால் அண்ணி மறுநாளே டாக்டரம்மாவோடு கிளம்பிப்போய், ஒரு சின்ன டப்பாவில் ஈ முட்டைகளை வாங்கி வந்துவிட்டாள். கொட்டகைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பழைய சாமான் அறையைக் காலி செய்து, பிளாஸ்டிக் பெட்டிகளை வரிசையாக வைத்தாள். மூலையில் கொசுவலையால் ஒரு கூண்டு கட்டினாள். வாரத்தில் பல நாள் அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய், மூடும் நேரத்தில் வியாபாரிகள் குவித்துவிட்டுப் போகும் அழுகல் தக்காளி, முட்டைக்கோஸ் இலை, நசுங்கிய பழம் எல்லாவற்றையும் கூடை கூடையாக அள்ளி வந்தாள்.

"மாமிசம் போடமாட்டேன், வெறும் காய்கறிதான்" என்று அண்ணி சமாதானம் சொன்னாள். "இது சாதாரண ஈ இல்லை. சாப்பாட்டுல வந்து உக்காராது. றெக்கை முளைச்சதும் அதுக்குத் திங்கவே தெரியாதாம். புழுவா இருக்கறப்போ தின்னதை வெச்சே கொஞ்ச நாள் பறந்து, முட்டை போட்டுட்டுச் செத்துடும்."

"அதாவது சின்ன வயசுல மூக்கு முட்டத் தின்னும், பெரிசானதும் வாயை மூடிக்கும்" என்றாள் ரேடியோ. "அந்த மாதிரி ஒரு ஜீவனை நம்ம குடும்பத்துல நான் பாத்ததே இல்லையே."

அண்ணன் சிரிக்கவில்லை. "ஊர்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சியா?" என்று மனைவியைக் கேட்டான்.

அண்ணி கூடையைக் கீழே வைத்தாள். "கடல்ல ஜனங்க திங்க வேண்டிய மீனை அரைச்சுக் கோழிக்குப் போட்டோம். இங்கே கோழிக்கு ஆகவேண்டியதைக் குழி வெட்டிப் புதைக்கிறோம். இது மட்டும் யோசிச்சா செஞ்சோம்?" என்றாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. அவ்வளவு நீளமாகப் பேசியதே அண்ணனுக்கு ஆச்சரியம். அதற்குமேல் அவன் தடுக்கவில்லை. ஆனால் அந்த அறைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ரேடியோவும்தான் போகவில்லை. ஜன்னலைச் சாத்திவைத்தாள். அந்த அறைக்குள்ளிருந்து மழை பெய்வதுபோல் மெல்லிய சரசரப்பு கேட்கும், ஆயிரக்கணக்கான புழுக்கள் தின்னும் சத்தம். அதைக் கேட்காமலிருக்க இன்னும் சத்தமாகப் பேசினாள். கோழிகள் கொத்துவது குறைந்துகொண்டு வந்ததையும், அண்ணி ஊதா மருந்துப் பாட்டிலைத் தேடுவது அபூர்வமாகிவிட்டதையும் கண்டும் காணாததுபோல் இருந்தாள்.

ஒருநாள் மதியம் வானம் இருண்டு மழை கொட்டியது. அண்ணன் கடைகளுக்கு முட்டை போட லைனுக்குப் போயிருந்தான். அண்ணி மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டாள். ரேடியோ கல்லாவில் உட்கார்ந்து துணிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். பின்கட்டுப் பக்கம் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. எட்டிப் பார்த்தாள்.

தகரக் கூரை ஒழுகிப் பெட்டிகளில் தண்ணீர் இறங்கியிருந்தது. ஈரம் பட்டால் அந்தப் புழுக்கள் சுவரேறித் தப்பிக்கும் என்று அண்ணி எப்போதோ சொன்னதை இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது அந்த அறையின் கதவுக்கு அடியிலிருந்து, பழுப்பு நிறத்தில், ஒரு பாய் தானாக விரிவதுபோல் அவை வந்துகொண்டிருந்தன. நடைபாதையைத் தாண்டிவிட்டன. சமையலறைப் படியில் ஏறிக்கொண்டிருந்தன.

ரேடியோ போட்ட கூச்சலில் எதிர் மாடி பால்கனியில் ஒரு பெண் வெளியே வந்து பார்த்தாள். ரேடியோ முதலில் ஸ்டூல்மேல் ஏறினாள். ஸ்டூல் காலிலும் ஏற ஆரம்பித்ததும் குதித்தாள். துடைப்பத்தால் தள்ளினாள். தள்ளத் தள்ள வந்தன. "ஐயோ அண்ணி, உங்க பிள்ளைங்களெல்லாம் வீட்டுக்குள்ள வருதுங்க!" என்று யாருமில்லாத வீட்டில் கத்தினாள். கத்திய பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. பயமும் சிரிப்புமாக என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, கொட்டகைக்குள்ளிருந்து கோழிகள் கம்பிவலையில் மோதும் சத்தம் கேட்டது. அவை பார்த்துவிட்டன.

போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

அப்புறம் நடந்ததை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை. அத்தனை கோழிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முற்றத்துக்கு ஓடி வந்தன. மழையைப் பொருட்படுத்தவில்லை. தலை குனிந்தவை நிமிரவில்லை. கொத்திக் கொத்திக் கொக்கரித்து, ஈர இறகை உதறிக்கொண்டு, படி, நடைபாதை, வாய்க்கால் ஓரம் என்று ஓடி ஓடித் தின்றன. முன்பு முதுகெல்லாம் ரத்தமாகி மூலையில் ஒடுங்கிக் கிடந்த ஒரு கோழி, புதிதாக முளைத்துவரும் குச்சி இறகுகளோடு, அவள் காலடியிலேயே நின்று தின்றது. அவள் காலை நகர்த்தவில்லை. இத்தனை நாளும் இவையெல்லாம் பசியில்தான் ஒன்றையொன்று தின்றனவா என்று நினைத்துக்கொண்டாள். அண்ணி தனியாக அந்த வெப்பமான அறையில் அழுகலைக் கிளறிக்கொண்டு நின்றபோது, தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வந்தது.

ஆனால் ரேடியோ ரேடியோதானே. போனை எடுத்து அந்தக் காட்சியைப் படம்பிடித்தாள், தன் கூச்சலும் சிரிப்புமாக. "பாருங்க ஜனங்களே, புழுப் படை வருது, கோழிப் படை எதிர்க்குது!" முன்பு குடியிருந்த தெருவில் அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். வாய்விட்டுச் சிரிக்கட்டும் என்று அவளுக்கு அனுப்பினாள். தோழி சிரித்தாள். சிரித்துவிட்டுத் தன் தங்கைக்கு அனுப்பினாள். தங்கை குடியிருந்தது பண்ணைக்கு எதிரே உள்ள அடுக்குமாடியில்.

மறுநாள் கடைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் அண்ணன் அடுக்கிய அட்டைகளோடு அப்படியே திரும்பி வந்தான். மளிகைக் கடைக்காரர் வண்டியைக் கடைமுன் நிறுத்தவே விடவில்லையாம். "புழு முட்டையாமே?" என்று ஒரு பொடியன்கூடக் கேட்டானாம். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, மறு தகவல் வரும்வரை முட்டை அனுப்பவேண்டாம் என்று.

"நாலு பேர் முகத்துல முழிக்க முடியலை" என்றான் அண்ணன். "தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

அண்ணி நிதானமாகச் சொன்னாள்: "நிறுத்திடலாம். நாளைக்குக் கோழிங்களுக்கு என்ன போடறதுன்னு மட்டும் சொல்லுங்க, நிறுத்திடறேன்."

அவன் அட்டைகளைத் தூக்கி உள்ளே கொண்டுபோய் வைத்தான். யார் அனுப்பிய படம் என்று கேட்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அந்தக் குரலை அந்த வட்டாரத்தில் தெரியாதவர் யார்?

அண்ணி அவளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் ரேடியோவால் தாங்கமுடியவில்லை. சாப்பாடு போடும்போது முகத்தைப் பார்த்தாள். கோபம் இருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று தேடினாள். களைப்புதான் இருந்தது. முட்டை வைக்கும் அறையில் அட்டைகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. வீட்டில் மூன்று வேளையும் முட்டை. தெருவில் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு அவித்துக் கொடுத்தார்கள். அவர்கள் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டார்கள். அப்படியும் மிஞ்சிக் கெட்டுப்போனவற்றை அண்ணி ஒருநாள் பின்னறைக்கு எடுத்துப்போனாள். ரேடியோ பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றாள். அண்ணி ஒவ்வொரு முட்டையாக உடைத்துப் புழுப் பெட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றும்போது கண்ணிலிருந்து தண்ணீர் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ரேடியோ உள்ளே போனாள். அவள் அந்த அறைக்குள் கால்வைத்தது அதுதான் முதல் தடவை. பேசாமல் ஒரு அட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள்.

"வாடை தாங்காது உனக்கு, போ" என்றாள் அண்ணி.

"எனக்கா? நான் பேசற பேச்சையே நீங்க தாங்கறீங்க." குரல் உடைந்தது. "என்னை இந்த வீட்டுல வெச்சிருக்கவே கூடாது அண்ணி."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே. மெதுவா உடை, ஓடு உள்ளே விழுது."

அந்த வாரக் கடைசியில் பள்ளிக்கூடத்துச் சமையற்காரம்மா நேரிலேயே வந்தாள். வேறு எங்கும் முட்டை கிடைக்கவில்லை. மற்ற பண்ணைகளிலும் அதே தீவனப் பஞ்சம். சிலர் கோழிகளையே விற்றுவிட்டார்கள். "பிள்ளைங்க தட்டைப் பாத்துட்டு என்னைப் பாக்குதுங்க" என்றாள். "காலையில ஒண்ணும் சாப்பிடாம வர்றது நிறைய. நான் எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்றது? என்னதான் வெச்சிருக்கீங்க, காட்டுங்க."

அண்ணி கூட்டிப்போய்க் காட்டினாள். சமையற்காரம்மா பெட்டிமேல் குனிந்து பார்த்தாள், மூக்கைச் சுளித்தாள், பிறகு கொட்டகையில் ஒரு கோழியைத் தூக்கி இறகை விலக்கி முதுகைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்துக் கரு நிற்கிறதா என்று கிண்ணத்தை ஆட்டிப் பார்த்தாள். நன்றாகவே நின்றது.

"எனக்குத் திருப்தி. ஆனா நான் சொன்னா நடக்காது. பெற்றோர் கூட்டம் போடறாங்க. நீங்க வந்து பேசணும்."

அண்ணியின் முகம் வெளுத்துப்போனது. கோழிகளோடு நாள்முழுக்க இருக்கச் சொன்னால் இருப்பாள். மனிதர்கள் பத்துப்பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். "டாக்டரம்மாவைக் கூப்பிடறேன்" என்றாள். "நானும் வரேன்" என்றாள் ரேடியோ. அண்ணன் தலைநிமிர்ந்து, "நீ பேசினது போதாதா?" என்று கேட்டான். கூட்டத்தன்று அவள் முதல் ஆளாகப் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள்.

வகுப்பறை ஒன்றில் கூட்டம். பெரியவர்கள் எல்லோரும் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். இடம் போதாமல் சுவரோரமும் நின்றார்கள். தலைமையாசிரியை ஆரம்பித்துவைக்க, டாக்டரம்மா எழுந்து பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அந்த ஈ வியாதி பரப்பாது, புழுவில் இருப்பது மீன்தூளில் இருக்கும் அதே சத்து, ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பார்த்தாயிற்று, முட்டையில் குறை இல்லை. பலர் தலையாட்டினார்கள். ஒரு தகப்பனார், "நீங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். "தினமும்தான். என் பையனுக்கும் இங்கே இருந்துதான் வாங்கறேன்" என்றார் டாக்டரம்மா. அறையில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது.

அப்போது நடுவரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். அழுக்குப்படாத வெள்ளைக் கைப்பை, கையில் போன். "அதெல்லாம் சரி. இதைப் பாருங்க" என்று போனை உயர்த்திப் பிடித்து அந்தப் படத்தை ஓடவிட்டாள். ரேடியோவின் கூச்சல் வகுப்பறை முழுக்கக் கேட்டது. "இதைப் பாத்துட்டு என் பொண்ணுக்கு எப்படி அந்த முட்டையை ஊட்டுவேன்? அந்த வீட்டு ஆளே எப்படிக் கத்தறாங்க, கேளுங்க."

அண்ணி நிலத்தைப் பார்த்தாள். ரேடியோ எழுந்தாள்.

"அது என் குரல்தாங்க" என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். அவள் பேசுவதற்கென்று எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக வார்த்தை கிடைக்காமல் நின்றாள். பிறகு நடந்ததையே சொல்லத் தொடங்கினாள்.

"நான் புழுவைக் கண்டா ஊரைக் கூட்டற ரகம். உங்களுக்காவது போன்ல பாத்தாப் போச்சு, என் கால்மேல ஏறிச்சு. ஸ்டூல்மேல ஏறினேன், அதுவும் ஏறிச்சு. மரியாதை தெரியாத ஜாதி." முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஆனா இந்தப் படத்துல நீங்க புழுவைத்தான் பாத்தீங்க. கோழியைப் பாருங்க. அந்த ஓரத்துல, குச்சி குச்சியா இறகு முளைச்சு ஒண்ணு நிக்குது பாருங்க. போன மாசம் அது முதுகுல தோலே இல்லை. பசி தாங்காம மத்ததெல்லாம் அதைத் தின்னுச்சு. கோழியைக் கோழி தின்னுச்சுங்க. அந்தக் கோழி போட்ட முட்டையை அப்போ நான்தான் வித்தேன், நீங்கதான் வாங்கினீங்க. அப்போ யாரும் அருவருப்புப் படலை. நானும் படலை. எங்க கண்ணுக்குத் தெரியாத இடத்துல நடந்துச்சு, அவ்வளவுதான்."

அவள் குரல் தணிந்தது.

"எங்க அண்ணி இதை யாருக்கும் மறைச்சுச் செய்யலை. கேட்டிருந்தா காட்டியிருப்பாங்க. அவங்களுக்குப் பேச வராது, அதான் சங்கடம். பேச வர்ற நான் கேலி பண்ணிட்டு இருந்தேன். தெருவுல வீடு கூடிக்கிட்டே போகுது, பிள்ளைங்க கூடிக்கிட்டே போகுது. கடல் கூடலை. மார்க்கெட்ல அழுகறது மட்டும் கூடுது. இருக்கறதை வெச்சுத்தானே எல்லாருக்கும் பாத்தாகணும்?"

கைப்பை அம்மா போனை இறக்கியிருந்தாள். ஆனால் தலையை ஆட்டினாள். "நீங்க சொல்றது புரியுது. தப்பா நினைக்காதீங்க. என்னால முடியலை. நினைச்சாலே வயித்தைப் பெரட்டுது."

"முடியலைன்னா வேணாம்மா" என்றாள் ரேடியோ உடனே. "உங்களை யார் கட்டாயப்படுத்தறது? எனக்கே அந்த ரூம்ல கால்வைக்க இத்தனை நாள் ஆச்சு. உங்க பொண்ணுக்குக் கொடுக்காதீங்க. பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளைக்கு மட்டும் வேணாம்னு சொல்லிடாதீங்க. அது வீட்டுல இன்னிக்கு என்ன சமைச்சாங்கன்னு நமக்குத் தெரியாது."

சுவரோரம் நின்ற ஒருவர், கட்டட வேலை உடுப்போடு வந்தவர், "எங்க பையனுக்குக் கொடுங்க" என்றார். வேறொருவரும் சொன்னார். பிறகு பின்னாலிருந்து சில குரல்கள். எல்லோரும் சொன்னார்கள் என்று இல்லை. பாதிப்பேர் பேசாமல் எழுந்து போனார்கள். வேண்டும் என்பவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கலாம் என்று தலைமையாசிரியை முடித்துவைத்தார். வெளியே வந்ததும் அண்ணி, ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரைக்கும் விடவே இல்லை. ரேடியோ பேசாமல் நடந்துபோவதைப் பார்த்த அயர்ன்காரர், யாருக்கோ உடம்பு சரியில்லை போல என்று பயந்து விசாரித்தார்.

நிலைமை ஒரே நாளில் சீராகிவிடவில்லை. மளிகைக் கடைக்காரர் வேறு எங்கும் முட்டை கிடைக்காமல்தான் மறுபடி கூப்பிட்டார்; கூப்பிட்டும் இரண்டு அட்டைக்குமேல் எடுக்கப் பயந்தார். எதிர் அடுக்குமாடியில் சில வீடுகள் கடைசிவரை வாங்கவில்லை. "புழு வண்டி" என்ற பெயர் அண்ணனின் வண்டியை விட்டுப் போகவில்லை. அவன் கொஞ்ச நாள் முறைத்தான், அப்புறம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் தானாகவே பிரேக் போட்டு நிறுத்தினான். கூரையின் ஓட்டையை அடைத்தவனும் அவன்தான். அடைத்துவிட்டு இறங்கியவன் அப்படியே பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். "தள்ளி வெச்சா இன்னொரு வரிசை வைக்கலாம் போல இருக்கே" என்று மனைவியிடம் சொன்னான். வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அண்ணிக்கு அதுவே போதுமாக இருந்தது.

பள்ளிக்கூடத்தில் முதலில் வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகள் பக்கத்துத் தட்டைப் பார்த்து வீட்டில் அடம்பிடிக்க ஆரம்பித்ததாகச் சமையற்காரம்மா சொல்லிச் சிரித்தாள். அவள் சமையலறையில் சேரும் காய்கறித் தோலும் இப்போது முட்டை வண்டியிலேயே பண்ணைக்குத் திரும்பி வந்தது. பெட்டிகளில் மிஞ்சிய கறுப்புத் தூளை, எரு என்று சொல்லி மாடியில் செடி வளர்ப்பவர்கள் கேட்டு வாங்கிப்போனார்கள். அதைக் கொடுக்கும்போது ரேடியோ முழு விவரமும் சொல்லித்தான் கொடுப்பாள். கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் செடி வாடிவிடும் என்பது அண்ணனின் புகார்.

ஒரு சாயங்காலம், கடை சாத்தும் நேரத்தில், வாசலில் யாரோ தயங்கித் தயங்கி நிற்பது தெரிந்தது. கைப்பை அம்மா. பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு அவள் பெண். அம்மாவின் ஒரு கையில் வெள்ளைக் கைப்பை, இன்னொரு கையில் இறுக்கி முடிச்சுப் போட்ட ஒரு பை. அதை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"முட்டைக்கு வரலை" என்றாள் முன்கூட்டியே. "அது இன்னும் என்னால முடியலை. இது எங்க வீட்டுக் காய்கறித் தோல். வீணாக் குப்பையில போடறோமேன்னு பொண்ணு தினம் ஒரு சண்டை. எடுத்துப்பீங்களா?"

"ஏன் எடுத்துக்காம?" ரேடியோ எழுந்துபோய்ப் பையை வாங்கினாள். முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். பூசணித் தோல், பட்டாணித் தொலி, பாதி கடித்த ஆப்பிள். "நல்ல விருந்துதான். வெங்காயத் தோல் மட்டும் வேணாம், அதுங்களுக்கு அவ்வளவா இறங்காது."

"சரி, பிரிச்சு வைக்கறேன்" என்றாள் அந்த அம்மா. "எங்க மாடியில மத்த வீட்டுலயும் கேட்டுப் பாக்கட்டுமா?"

"கேளுங்க. தினம் வண்டி அந்த வழியாத்தானே வருது."

சிறுமி அம்மாவின் கையை இழுத்தாள். "நான் பாக்கணும். ஒரே ஒரு தடவை."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "நான் இங்கேயே நிக்கறேன். நீங்க வேணா கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"நீங்க உக்காருங்க, தண்ணி குடிங்க" என்று ரேடியோ தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். பையை ஒரு கையிலும் சிறுமியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, பின்கட்டைப் பார்த்துக் குரல்கொடுத்தாள். "அண்ணி! கதவைத் திறந்து வைங்க. ஆள் வருது."